ஏழாம் அறையில் எத்தனை பேர்

சென்னை
ஜூன் 18, புதன்

அக்காவுக்கு,

நாலு நாளாக உன் போனுக்கு அடிக்கிறேன். மணி போகிறது, எடுப்பாரில்லை. அம்மாவிடம் கேட்டால், "ஓம் பேரு வந்தாலே போனைக் கவுத்து வச்சிட்டு எந்திருச்சுப் போயிர்றாய்யா" என்கிறாள். சரி, கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாலும் எழுத்து உள்ளேதானே இருக்கும் என்று தபாலில் எழுதுகிறேன்.

நடந்த விஷயத்தை நீயும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. உங்கள் பட்டாசுக் கம்பெனி காளீஸ்வரன் முதலாளி எங்கள் ஆய்வகத்துக்கு மெயில் போட்டிருந்தார். "உங்கள் ஆள் எண்ணும் மிஷின் முதல் மாதத்திலேயே ஒரு விதிமீறலைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. மிகுந்த திருப்தி. தீபாவளி சீசனுக்குள் இன்னும் பன்னிரண்டு அறைகளுக்கு வேண்டும்." எங்கள் பேராசிரியர் லட்சுமிகாந்தம் சார் அதை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார். கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த வரியில் இருந்தது: ஏழாம் அறை, போர்மேன் அழகுமீனா, தாயில்பட்டி.

அது என் அக்காவின் பெயர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவளே நீதான். "அஞ்சாவது ஆளு உள்ள போனா அது ஆளு இல்லடா, எமன்" என்பாய். ஒரு போர்மேன் பத்து அறையைச் சுற்றி வருவதற்குள் யார் எங்கே நுழைகிறார்கள் என்று தெரியவில்லை என்று நீ அலுத்துக்கொண்டதில்தான் எனக்கு இந்த மிஷினே தோன்றியது. கதவுச் சட்டத்தில் இரண்டு லேசர். வெளிக்கோட்டை மறைத்துப் பிறகு உள்கோட்டை மறைத்தால் ஓர் ஆள் உள்ளே, மாற்றி மறைத்தால் ஓர் ஆள் வெளியே. உனக்காகச் செய்தது அது. அதில் நீயே போய் மாட்டியிருக்கிறாய்.

ஏன் அக்கா? ஆர்டர் அவசரமா? முதலாளி நெருக்கினாரா? எழுது. நான் திட்ட மாட்டேன்.

அருள்பாண்டி



தாயில்பட்டி
ஜூன் 24

தம்பி அருளுக்கு,

திட்ட மாட்டேன் என்று கடைசியில் எழுதிவிட்டு அதற்கு முன்னால் ஒரு பக்கம் திட்டியிருக்கிறாய். பரவாயில்லை. படித்தவன் திட்டினால் இப்படித்தான் இருக்கும் போல.

போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. போனில் நீ என்னைப் பேச விட மாட்டாய். நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடிப்பாய். கடிதத்தில் அந்தச் சேட்டை நடக்காது.

ஆமாம், அறையில் ஐந்து பேர் இருந்தார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள். ஜூன் 12, வியாழக்கிழமை, மத்தியானம் 2.38, ஏழாம் அறை, உள்ளே ஐந்து பேர். சிவப்பில் அச்சடித்திருந்தது. நாலு பேரும் வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் அறைக்குள் ஒரு ஆள் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்ததாம். "அந்த அஞ்சாவது ஆளு பின்கதவு வழியாப் போயிருக்கா, அதான் கணக்கு இறங்கலை" என்றார் மேனேஜர். பின்கதவு ஆபத்துக்கு ஓட வைத்திருப்பது, அங்கே உன் மிஷின் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, ஓந் தம்பி செஞ்ச மிஷினு. அது பொய் சொல்லுமா? நீயே சொல்லு."

"சொல்லாது முதலாளி" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? மிஷின் வந்த அன்றைக்கு நாற்பது பொம்பளைகளை நிறுத்தி வைத்து, "ஏந் தம்பி செஞ்சது, ஒரு ஈ போனாலும் சொல்லிரும்" என்று பீற்றிக்கொண்டவள் நான்தானே. எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஐந்தாவது ஆள் யார் என்று கேட்டதற்கு மட்டும் பெயர் சொல்லவில்லை. என் போர்மேன் சான்றுச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏழாம் அறையில் இருந்த நாலு பேரையும் மறு உத்தரவு வரும் வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சீசன் நேரத்தில்.

உன் மாமா ஆலங்குளம் சிமெண்ட் ஆலை ஷிப்ட் முடிந்து வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். கடைக்குக்கூட நான் போவதில்லை, பிள்ளையைத்தான் அனுப்புகிறேன். உன் வேலையில் மண் விழுந்துவிடக் கூடாது. யாராவது கேட்டால் அது எங்கள் அக்கா இல்லை, வேறு அழகுமீனா என்று சொல்லிக்கொள். மனதறிந்துதான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது. நான் தப்புச் செய்தது செவ்வாய்க்கிழமை என்று நினைத்திருந்தேன். தாளில் வியாழன் என்று இருக்கிறது. வெயிலில் கிறுகிறுத்துப்போய் நாளை மாற்றி வைத்திருப்பேன் போல.

அழகுமீனா



சென்னை
ஜூன் 28

அக்கா,

உன் கடிதம் வந்தது. இரண்டு மூன்று விவரம் வேண்டும். யோசித்துச் சரியாக எழுது, அவசரம்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? எத்தனை மணிக்கு?

வியாழக்கிழமை மத்தியானம் உன் கண்ணால் எத்தனை பேரைப் பார்த்தாய்? தாளில் இருப்பதைக் கேட்கவில்லை. நீ பார்த்ததைக் கேட்கிறேன்.

ஏழாம் அறை வாசலில், மிஷின் பெட்டிக்கு மேலே ஒரு தகரம் நிழலுக்கு வைத்திருந்தோமே, அது இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்று இப்போது கேட்காதே. மிஷின் வேலை சம்பந்தமாகச் சும்மா ஒரு பரிசோதனைக்குத்தான்.

அருள்



தாயில்பட்டி
ஜூலை 3

அருள்,

சும்மா ஒரு பரிசோதனைக்கு அவசரம் எதற்கு? சின்ன வயதில் பம்பரத்தைத் தொலைத்துவிட்டு, "சும்மா கேக்கேன், ஓம் பம்பரம் எங்க இருக்கு?" என்று என்னிடமே வந்து கேட்பாயே, அதே மாதிரி இருக்கிறது உன் கடிதம்.

கேட்டதற்குச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது. திரி செருகிக்கொண்டிருந்த மூக்கம்மாளுக்குக் காய்ச்சல், கை நடுங்குகிறது. அந்தக் கையோடு வெடிமருந்துப் பக்கத்தில் உட்கார வைக்க முடியுமா? அடுத்த அறையிலிருந்து பத்திரகாளியைப் பின்கதவு வழியாகக் கூப்பிட்டு அவள் இடத்தில் உட்கார வைத்தேன். மூக்கம்மாளை வெளியே போகச் சொன்னேன். "அக்கா, இப்பப் போனா அரைநாளுச் சம்பளம் போயிரும், செத்த நேரம் இந்த மூலையில சாஞ்சுக்கிடுதேன்" என்று கெஞ்சினாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் வாசலிலேயே நின்றேன். பிறகு பத்திரகாளியை அதே பின்கதவு வழியாக அனுப்பிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை உனக்கு எழுத நான் இருந்திருக்க மாட்டேன், ஐந்து வீட்டில் இழவு விழுந்திருக்கும்.

வியாழக்கிழமை. நாலு பேர். மூக்கம்மாளும் மற்ற மூன்று பேரும். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க வாசல் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனதை நான் பார்த்தேன். நாலு பேரைத்தான் பார்த்தேன். ஆனால் என் கண்ணை நான் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை செய்தது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்ததா, தாளைப் பார்த்ததும், சரி, எப்படியோ பிடித்துவிட்டது, நாள்தான் எனக்கு மாறிப்போயிருக்கிறது என்று தோன்றியது.

தகரம் இல்லை. வைகாசிக் காற்றில் பறந்துபோனது, திரும்ப வைக்கவில்லை. மத்தியானம் அந்தப் பெட்டி மேலே தோசை வார்க்கலாம்.

நேற்று மூக்கம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, தெருவிலேயே நின்றுகொண்டு கேட்டாள். "போர்மேனக்கா, நாங்க நாலு பேருதான இருந்தோம்? நீங்களே அஞ்சுன்னு எழுதிக் குடுத்துட்டா நாங்க எங்கன போயிச் சொல்ல? ஒரு வார்த்த எங்களக் கேட்டீகளா?" தெரு முழுக்கக் கேட்டது. மிஷின் சொல்கிறதே என்றேன். "மிசினா எங்களோட உக்காந்து திரி செருகுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது நீ சொல். எதற்காகக் கேட்டாய்?

அழகுமீனா



சென்னை
ஜூலை 9

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதில் எதையும் அழகாக எழுத முடியவில்லை.

நீ பார்த்ததுதான் சரி. வியாழக்கிழமை நாலு பேர்தான். மிஷின் தப்பு. அது தப்புச் செய்யும் என்று எனக்கு முன்பே தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் லேசர் ஓர் எள்ளைவிடச் சின்னது. குறைக்கடத்தியில் செய்தது. ஒளி ஓர் அலை, அதற்கு ஆடும் திசை ஒன்று உண்டு. நெட்டுக்குத்தாகவும் ஆடலாம், படுக்கைவாட்டிலும் ஆடலாம். இந்த வகை லேசரில் ஒளி வெளியே வரும் வாய் துல்லியமான வட்டம். எந்தப் பக்கமும் ஒன்றுதான். அதனால் இந்தத் திசையில்தான் ஆடுவேன் என்று அதற்குப் பிடிவாதம் கிடையாது. குளிர்ச்சியில் ஒரு திசையில் ஆடும், சூடு ஏறினால் சட்டென்று மற்றத் திசைக்குப் புரளும். புரளுகிற எல்லைக்கருகில் வைத்தால் அங்கும் இங்குமாக ஒரு நொடிக்குள் ஆயிரம் தடவை தாவும். நாங்கள் இதை இரைச்சல் என்போம். காதில் கேட்கிற இரைச்சல் இல்லை, அளவில் விழுகிற இரைச்சல்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஒளி எந்தத் திசைக்குத் தாவினாலும் மொத்த வெளிச்சம் குறையாது. ஒன்றில் குறைவது மற்றதில் கூடிவிடும். மொத்தத்தை மட்டும் அளந்தால் லேசர் அசையாமல் நிற்கிற மாதிரிதான் தெரியும்.

போன வருஷம் உங்கள் கம்பெனியில் முதல் சோதனைக்கு வந்தபோது வெள்ளி நிற வெடிமருந்துத் தூளில் வெயில் பட்டுப் பளபளத்து மிஷினின் கண்ணைக் கூச வைத்தது. அதற்காக ஒளி உணரும் பக்கத்தில் ஒரு தடுப்புத் தாள் ஒட்டினேன். நெட்டுக் கம்பி போட்ட ஜன்னலில் ஒரு காலண்டர் தாளை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் உள்ளே போகும், படுக்கவைத்தால் போகாது அல்லவா, அந்த மாதிரித் தாள். ஒரே திசையில் ஆடும் ஒளியைத்தான் விடும். கூச்சம் போய்விட்டது. ஆனால் லேசர் திசை மாறினால் அந்தத் தாள் அதையும் நிறுத்திவிடும். மிஷினுக்கு இருட்டாகிவிடும். இருட்டானால் ஓர் ஆள் குறுக்கே போனதாகத்தான் அதற்கு அர்த்தம். வெயில் படுகிற வெளிப்பக்க லேசர் முதலில் புரண்டிருக்கும், உடனே உள்பக்கத்தது. முதலில் வெளிக்கோடு இருட்டு, அடுத்து உள்கோடு இருட்டு. வராத ஓர் ஆள் ஏழாம் அறைக்குள் வந்துவிட்டாள்.

இது எனக்கு ஆய்வகத்திலேயே தெரிந்தது. பெட்டியைச் சூடாக்கிப் பார்த்தபோது நாற்பத்தேழு டிகிரியில் அளவு பொத்தென்று விழுந்தது. வயர் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி செய்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை புரிந்துவிட்டது. திசை மாறாத லேசர் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வர நாலு மாதம் ஆகும். எனக்கு அறிக்கை கொடுக்க ஒன்பது நாள் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தடுப்புத் தாளை உரித்து எடுத்துவிட்டு மொத்த வெளிச்சத்தை அளந்தேன். அறுபது டிகிரி வரைக்கும் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. அந்த வரைபடத்தை அறிக்கையில் வைத்தேன். பிறகு தாளைத் திரும்ப ஒட்டி மிஷினை உங்களுக்கு அனுப்பினேன். அறிக்கையில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. அளந்தது வேறு, அனுப்பியது வேறு, அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை. வெளியே அம்புட்டுச் சூடு எங்கே ஏறப்போகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தாயில்பட்டியில் பிறந்தவன் சொல்கிற பேச்சா இது?

முதல் கடிதத்தில் உன்னைக் கேள்வி கேட்டேனே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூலை 28 அன்று எனக்கு வாய்மொழித் தேர்வு. ஆறு வருஷ ஆராய்ச்சி அதோடு முடிகிறது, பட்டம் கிடைத்துவிடும். அது முடிந்த மறுநாளே சாரிடமும் முதலாளியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சத்தியம். இன்னும் பத்தொன்பது நாள்தான். பொறுத்துக்கொள்வாயா?

அருள்



தாயில்பட்டி
ஜூலை 14

அருள்பாண்டி,

மாட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். லேசர் விஷயம் ஜன்னல் கம்பி வந்ததும் புரிந்துவிட்டது. அடுத்த பக்கம்தான் புரியவில்லை. மூன்று தடவை விழுந்ததைப் பார்த்தவன், அதை மூடி வைத்துவிட்டு, எங்கள் தலைக்கு மேலே கொண்டுவந்து மாட்டியிருக்கிறாய். அன்றைக்கு நாலு பேர் இருக்கையில் ஐந்து என்று காட்டியது. நாளைக்கே வெளியே போகாத ஆளைப் போய்விட்டதாகக் காட்டினால்? ஆறு பேர் இருக்கும் அறையை நாலு என்று அது சொன்னால், போர்மேன் தாளைப் பார்ப்பாளா, அறையைப் பார்ப்பாளா? தாளைத்தான் பார்ப்பாள். நானே அதைத்தான் செய்தேன்.

பன்னிரண்டு அறைக்குப் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. இந்த வாரம் மாட்டுகிறார்கள். உனக்கு இருபத்தெட்டாம் தேதி தேர்வு. அதற்குள் பன்னிரண்டு வாசலில் எத்தனை மூக்கம்மாள், எத்தனை அழகுமீனா என்று நீயே உட்கார்ந்து எண்ணிக்கொள்.

வேலை போனதற்காக நான் அழவில்லை, கேட்டுக்கொள். நான் கண்ணால் பார்த்ததைக் கை எழுத மறுத்துவிட்டது. அதற்குத்தான் அழுகிறேன். நாலு பேர் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அந்த நாலு பேரும் வெளியே மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள், கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். தம்பி மிஷின் பொய் சொல்லிவிட்டது என்று ஊர் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அப்போது என் மனதில் இருந்தது. உன் பெருமைக்காக நாலு பொம்பளைகளை விற்றிருக்கிறேன். அதற்கு நீ மட்டும் காரணம் இல்லை.

பொறுத்துக்கொள்வாயா என்று என்னிடம் கேட்காதே. கேட்க வேண்டியது என்னை இல்லை.

அழகுமீனா



சென்னை
ஜூலை 21

அக்கா,

உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. அன்றைக்குப் பகல் முழுவதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாரின் அறை வாசல் வரைக்கும் மூன்று தடவை போய்த் திரும்பினேன். மறுநாள் உள்ளே போய்விட்டேன்.

லட்சுமிகாந்தம் சார் திட்டவில்லை. எந்த வரைபடம் என்று மட்டும் கேட்டார். அறிக்கையைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினேன். "இதை நான் மூணு ஊர்ல மேடையில காட்டியிருக்கேன்" என்றார். அறிக்கையை மூடிவிட்டு, "ஏழாம் அறை போர்மேன் உங்க அக்காவா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. இரண்டையும் சொல்லியிருக்கலாம்தான்.

இருபத்தெட்டாம் தேதித் தேர்வை நிறுத்திவிட்டார்கள். விசாரணைக் குழு வைக்கிறார்களாம். பட்டம் கிடைக்குமா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு பெட்டிகளையும் மாட்ட வேண்டாம், மாட்டியதைக் கழற்றிவிடுங்கள் என்று அன்றைக்கே முதலாளிக்குச் சாரும் நானும் போனில் பேசிவிட்டோம். முதலாளி, "சரி தம்பி, சரி தம்பி" என்றுதான் சொன்னார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதற்காக முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு. மிஷினில் கோளாறு இருந்தது, அதை நான் தெரிந்தே மறைத்தேன், ஜூன் 12 அன்று அறையில் நாலு பேர்தான் இருந்தார்கள், என் அக்கா எந்தத் தவறும் செய்யவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். உன் சீட்டு திரும்பக் கிடைத்துவிடும்.

விடுதியில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. வேண்டுமென்று செய்கிறார்களா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, தெரியவில்லை.

அருள்



தாயில்பட்டி
ஜூலை 30

தம்பி அருளுக்கு,

உன் கடிதத்தை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன். "என் அக்கா எந்தத் தவறும் செய்யவில்லை" என்கிற வரி. பொய்யை ஒத்துக்கொள்கிற கடிதத்திலேயே இன்னொரு பொய்யை வைத்து எனக்குப் பரிசாக அனுப்புகிறாயே, உன் புத்தி எங்கே போகிறது? செவ்வாய்க்கிழமையைப் பற்றி உனக்குத்தான் எழுதியிருந்தேனே.

அடித்ததைப் பார்த்துவிட்டு முதலாளி, "இது என்னம்மா?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். கூப்பிட்டது நான், உட்கார வைத்தது நான் என்றேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. அவர் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார்.

"இதச் சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கே சீட்ட வாங்கிட்டுப் போயிருக்கலாமேம்மா. மிசினுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

"எனக்குத் தெரியுமே முதலாளி" என்றேன்.

நாலு பேரும் திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிட்டார்கள். எனக்கு இந்த சீசனுக்குப் போர்மேன் வேலை கிடையாது, அட்டைப் பெட்டி ஒட்டும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். சரி என்றேன். அது எனக்குச் சரியான தண்டனைதான், கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. நீ அதற்காக வருத்தப்பட்டு நாலு பக்கம் எழுத வேண்டாம்.

ஆனால் விஷயம் முடியவில்லை. கம்பெனியில் யாரும் அந்த நாலு பேரிடமும் எதையும் சொல்லவில்லை. வாங்க என்றார்கள், வந்துவிட்டார்கள். ஒன்றரை மாதம் யார் தப்புக்கு வீட்டில் உட்கார்ந்தோம் என்று நேற்று வரை அவர்களுக்குத் தெரியாது. நேற்று வேலை முடிந்ததும் மூக்கம்மாள் வீட்டுக்குப் போனேன். மற்ற மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். மிஷின் தப்பு என்றேன். மூக்கம்மாள் கேட்டாள், "மிசின் தப்புன்னா, செஞ்சவுக ஒங்க தம்பிதான? அவுக எங்க?" சென்னையில் இருக்கிறான், முதலாளியிடமும் வாத்தியாரிடமும் ஒத்துக்கொண்டுவிட்டான் என்றேன். "அவுக மொதலாளிக்கு எழுதுனாகளாம், வாத்தியாருக்குச் சொன்னாகளாம். எங்களுக்கு யாரு சொல்லுவா? நாங்கதான வீட்டுல கெடந்தோம்?" என்றாள். நியாயம்தானே. நீ எல்லோரிடமும் ஒத்துக்கொண்டாய், இவர்களைத் தவிர.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. லேப்டாப் கொண்டுவராதே. ஜன்னல் கம்பிக் கதையைச் சொல், அவர்களுக்குப் புரியும். நாற்பத்தேழு டிகிரியில் விழுந்ததையும் சொல், தாளை உரித்ததையும் சொல். அதைச் சொல்லாமல் லேசரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தால் நான் அங்கேயே உன்னை நிறுத்துவேன்.

நேற்று நான் பேசி முடிக்கும் வரைக்கும் அவர்களில் ஒருத்திகூட என்னை உட்காரு என்று சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக என்னோடு ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவர்கள். நின்றுகொண்டே பேசிவிட்டு, நின்றுகொண்டே திரும்பிவிட்டேன். உன்னையும் உட்காரச் சொல்ல மாட்டார்கள், அதற்குத் தயாராக வா.

நானும் வருவேன். உனக்குத் துணையாக என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று நான் மிஷினின் தப்பை மட்டும்தான் சொன்னேன். நாலு பேரைக் கண்ணால் பார்த்துவிட்டு ஐந்து என்று எழுதிக் கொடுத்ததற்கு இன்னும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரவில்லை. நீ சொல்லி முடித்ததும் நான் கேட்க வேண்டும். அதுவரைக்கும் நானும் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

அழகுமீனா